உங்களுக்குத் தெரியுமா? தேதி மறக்காத தெஹ்ரான்

2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த சில நாட்களில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய ஜார்ஜ் புஷ், நம்மை ஏன் வெறுக்கிறார்கள் என்று கேட்டார். நம்முடைய சுதந்திரத்தைத்தான் வெறுக்கிறார்கள் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். நல்ல கேள்விதான், பதில்தான் அவசரப் பதில். விமானங்களைக் கடத்திய 19 பேரில் ஒருவர்கூட ஈரானியர் இல்லை. ஆனாலும் ‘அமெரிக்கா ஒழிக’ என்றதும் நம் நினைவுக்கு வருவது தெஹ்ரான் தெருதான். அந்தக் கோபத்துக்கு ஊர் உண்டு, தேதி உண்டு, ரூபாய் அணா பைசா கணக்கும் உண்டு. அதிலிருந்து சில பக்கங்கள்.

● ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தை நிறுவிய ஜூலியஸ் டி ராய்ட்டர், 1872-ல் ஈரானில் கிட்டத்தட்ட ஒரு நாட்டையே எழுதி வாங்கினார். ரயில் பாதை, சுரங்கம், காடு, கால்வாய் என எல்லா உரிமைகளையும் நாசிருத்தீன் ஷா ஒரே பத்திரத்தில் அவருக்குத் தாரை வார்த்தார். உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது, ரஷ்யாவும் முறைத்தது. மறு வருடமே பத்திரம் ரத்து. ராய்ட்டர் விடவில்லை. விடாமல் நஷ்டஈடு கேட்டு, 1889-ல் ஒரு வங்கி தொடங்கும் உரிமையைப் பெற்றார். ‘பெர்சியாவின் இம்பீரியல் வங்கி’ என்று பெயர். நாட்டின் கரன்சி நோட்டை அச்சிடும் உரிமையும் அந்த பிரிட்டிஷ் வங்கிக்கே போனது.

● அடுத்தது புகையிலை. 1890-ல் மேஜர் டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு ஈரானின் மொத்தப் புகையிலையும் 50 வருடக் குத்தகைக்குப் போனது. விளைச்சல், விற்பனை, ஏற்றுமதி எல்லாமே அவர் கையில். ஷாவுக்கு வருடம் 15,000 பவுண்டும் லாபத்தில் கால் பங்கும். தன் வயலில் விளைந்ததை விவசாயி இனி ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குத்தான் விற்க வேண்டும். தன் ஊர்ப் புகையிலையைக் கடைக்காரர் அதே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும்.

இஸ்ஃபகானில் ஒரு வியாபாரி, கம்பெனிக்குக் கொடுப்பதைவிடக் கொளுத்துவது மேல் என்று தன் சரக்கு முழுவதையும் எரித்துவிட்டார் என்பார்கள். 1891 டிசம்பரில் ஈராக்கின் சாமர்ராவில் இருந்த மதத் தலைவர் மிர்ஸா ஹசன் ஷிராஸியின் பெயரில் ஒரு ஃபத்வா வந்தது. இனி புகைப்பது இமாமுக்கு எதிராகப் போர் தொடுப்பதற்குச் சமம் என்றது அது. நாடு முழுவதும் ஹூக்கா அணைந்தது. அரண்மனை அந்தப்புரத்துப் பெண்களே புகைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஷாவுக்கு ஹூக்கா தயார் செய்து கொடுக்க வேலைக்காரர்கள் மறுத்தார்கள். 1892 ஜனவரியில் ஒப்பந்தம் முழுசாக ரத்தானது.

கதை அதோடு முடிந்திருந்தால் சுபம். கம்பெனிக்கு 5 லட்சம் பவுண்டு நஷ்டஈடு தர வேண்டியிருந்தது. கஜானாவில் பணம் இல்லை. கடன் கொடுத்தது யார் தெரியுமா? ராய்ட்டரின் அதே இம்பீரியல் வங்கி. ஈரான் வாங்கிய முதல் பெரிய வெளிநாட்டுக் கடன், ஒரு வெளிநாட்டுக் கம்பெனியைத் திருப்பி அனுப்புவதற்காக வாங்கிய கடன்.

● ஈரானியர்கள் பிரிட்டனை நம்பிய காலமும் உண்டு. 1906 கோடையில் அரசியல் சட்டம் கேட்டுப் போராடியவர்கள், ஷாவின் படைக்குப் பயந்து எங்கே போய் உட்கார்ந்தார்கள்? தெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்தில். 12,000 பேருக்கு மேல். தொழில்வாரியாகக் கூடாரம் போட்டு, அண்டா அண்டாவாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, நாடாளுமன்றம் தந்தால்தான் வெளியே வருவோம் என்று உட்கார்ந்தார்கள். ஷா பணிந்தார். அதே ஆண்டு மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றம் கூடியது.

மறு வருடம், 1907 ஆகஸ்டில், பிரிட்டனும் ரஷ்யாவும் ஈரானை வடக்கு எனக்கு, தென்கிழக்கு உனக்கு என்று செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கு போட்டுக்கொண்டன. ஈரானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்தில் சோறு பொங்கிச் சாப்பிட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

● அமெரிக்கர்கள் மீதான அன்பு இதைவிட நீண்ட நாள் நீடித்தது. தப்ரீஸ் நகரத்தில் மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஹோவர்ட் பாஸ்கர்வில். பிரின்ஸ்டன் பட்டதாரி. 1909-ல் அரசியல் சட்டத்தை எதிர்த்த அடுத்த ஷாவின் படை அந்த நகரத்தை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டபோது, வேலையை விட்டுவிட்டுத் தன் மாணவர்களோடு துப்பாக்கி தூக்கினார். விலகச் சொன்ன அமெரிக்கத் துணைத் தூதரிடம், எனக்கும் இவர்களுக்கும் பிறந்த ஊர் மட்டும்தான் வேறு என்று சொன்னதாகச் சொல்கிறார்கள். ஏப்ரலில் குண்டடிபட்டு இறந்தார். வயது 24. அவருடைய மார்பளவுச் சிலை தப்ரீஸின் அரசியல் சட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● 1911-ல் ஈரான் நாடாளுமன்றம் தன் கஜானாச் சாவியையே ஓர் அமெரிக்கரிடம் கொடுத்தது. பெயர் மார்கன் ஷஸ்டர். பணக்காரர்களிடம் வரி பாக்கி வசூலிக்க ஆரம்பித்தார். ரஷ்யா கெடு விதித்தது, பிரிட்டன் வேடிக்கை பார்த்தது. சில மாதங்களிலேயே மனிதர் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. ஊருக்குப் போய் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘பெர்சியாவின் கழுத்து நெரிப்பு’.

● இனி எண்ணெய். ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் பணம் சேர்த்த வில்லியம் நாக்ஸ் டார்சி, 1901-ல் 20,000 பவுண்டு ரொக்கம், அதே அளவு பங்குகள், லாபத்தில் 16 சதவீதம் என்று பேசி, ஈரானின் பெரும்பகுதியில் எண்ணெய் எடுக்கும் உரிமையை 60 வருடத்துக்கு வாங்கினார். வாழ்நாளில் ஒரு தடவைகூட அவர் ஈரான் மண்ணை மிதித்ததில்லை. ஏழு வருடம் தேடியும் உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல், நிறுத்திவிட்டு வா என்ற உத்தரவு பிரிட்டனிலிருந்து கிளம்பிவிட்ட நிலையில், 1908 மே 26 விடியற்காலை மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீய்ச்சியடித்தது.

● நம்மூர் ‘எம்டன்’ கதைக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் அந்த ஜெர்மன் கப்பல் சுட்டு எரித்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. டார்சியின் பணம் கரைந்துகொண்டிருந்தபோது கைகொடுத்து, பிறகு ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய்க் கம்பெனியைத் தொடங்கியதும் இதே பர்மா ஆயில்தான். சென்னை பற்றியெரிந்ததற்குச் சில வாரம் முன்புதான், கப்பற்படையை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டிருந்த சர்ச்சிலின் யோசனைப்படி, பிரிட்டிஷ் அரசு 22 லட்சம் பவுண்டு போட்டு ஆங்கிலோ-பெர்சியனின் 51 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. அதன்பின் ஈரானியர்களுக்குக் கம்பெனி வேறு, பிரிட்டன் வேறு என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் போயிற்று.

● ஆங்கிலோ-பெர்சியனின் அபாதான் சுத்திகரிப்பு ஆலை ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரியது. அங்கே ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் புல்வெளி, நீச்சல் குளம், கிளப். நடுவில் ரங்கூனிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட குமாஸ்தாக்களும் ஃபிட்டர்களும். கடைசியில் ஈரானியக் கூலிகள். அவர்களில் பலர் குடியிருந்த சேரிக்குக் காகசாபாத் என்று பெயர். காகிதப் பட்டணம் என்று அர்த்தம். அடித்துத் தட்டையாக்கிய எண்ணெய் டின்தான் சுவர், கூரை எல்லாம். வளைகுடாப் பக்கத்து வெயிலில் அந்தத் தகரத்துக்குள் குழந்தை குட்டிகளோடு இருக்க வேண்டும். மழைக்காலத்தில் தரையில் தண்ணீர் நிற்கும்.

1947-ல் வரி போக கம்பெனியின் லாபம் 4 கோடி பவுண்டு. ஈரானுக்கு வந்தது 70 லட்சம். கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் முடியாது என்றார்கள். நிலத்துக்காரரிடம் களத்து நெல்லை அளந்து காட்டாத குத்தகைதாரரை நம் ஊரில் எத்தனை போகம் விட்டு வைப்பார்கள்? பக்கத்தில் சவூதி அரேபியாவுக்கு 1950 டிசம்பரில் அமெரிக்கக் கம்பெனி சரிபாதி கொடுக்க ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் கம்பெனி இறங்கி வருவதற்குள் காலம் கடந்துவிட்டது.

● இரண்டாம் உலகப் போரில் ஈரான் நடுநிலை என்று அறிவித்திருந்தது. 1941 ஆகஸ்டில் பிரிட்டனும் சோவியத் யூனியனும் இரண்டு பக்கமும் புகுந்தன. பதவி இழந்த ரெஸா ஷா கப்பலேறினார், மகன் ஷாவானார். இந்தியாவில் இறங்கலாம் என்று நினைத்து வந்தவரை பம்பாய்க் கரையிலேயே தடுத்து மொரீஷியஸுக்கு அனுப்பினார்கள்.

● 1951 மார்ச் 7 அன்று பிரதமர் ரஸ்மாராவை மசூதியில் சுட்டுக் கொன்றார்கள். எண்ணெயை நாட்டுடைமையாக்கினால் நம்மால் நடத்த முடியாது என்று அவர் சொல்லிவந்தார். கொன்றது ‘ஃபிதாயீன் இஸ்லாம்’ என்ற மதவாதக் குழுவைச் சேர்ந்த இளைஞர். எட்டே நாளில் மஜ்லிஸ் நாட்டுடைமைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த வருடம் கொலையாளியை விடுதலை செய்ய அதே மஜ்லிஸ் சட்டமே போட்டது! நியாயமான கோரிக்கை ஒரு கொலைக்கு நிழல் கொடுத்த தருணம் அது. இதே குழு 1952-ல், எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக்கின் வலது கையான ஹுசைன் ஃபாத்திமியையும் சுட்டது. அவர் பிழைத்தார். பிழைத்தவரை 1954-ல் ஷாவின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள், தூக்குமேடைக்குப் பதிலாகத் துப்பாக்கிப் படை.

● முகமது மொசாதெக் மேற்கை வெறுத்தவரா? சுவிட்சர்லாந்தில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1951-ல் அமெரிக்கா போனபோது ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திர மணியைத் தொட்டுப் பார்த்தார். நீங்கள் பிரிட்டனுக்கு எதிராகச் செய்ததைத்தானே நாங்களும் செய்கிறோம் என்பது அவர் வாதம். பைஜாமாவோடு கட்டிலில் படுத்துக்கொண்டே மந்திரிகளையும் தூதர்களையும் பார்ப்பார். பேசும்போதே அழுவார், சில நேரம் மயங்கியும் விழுவார். மேற்கத்தியப் பத்திரிகைகளுக்குக் கேலிக்குக் குறைவில்லை. ‘டைம்’ பத்திரிகை 1951-ன் மனிதராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தது, பாராட்டியல்ல.

● பிரிட்டன் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. மொசாதெக்கும் நேரில் போய் வாதாடினார். 1952 ஜூலையில், இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 9-க்கு 5 என்ற கணக்கில் ஈரானுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. அந்த ஒன்பதில் ஒருவர் ஆர்னால்ட் மக்நேர், பிரிட்டிஷ் நீதிபதி! மேற்கு என்றால் சர்ச்சில் மட்டும் இல்லை, மக்நேரும்தான். ஈரானில் அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

● இனி 1953. பிரிட்டன் தன் கடற்படையை வைத்து ஈரான் எண்ணெயை யாரும் வாங்க விடாமல் தடுத்தது. கஜானா காய்ந்தது. பிரிட்டிஷ் தூதரகத்தை மொசாதெக் மூடியதும், லண்டன் வாஷிங்டனின் கதவைத் தட்டியது. ஜனாதிபதி ட்ரூமன் அசையவில்லை. ஐசன்ஹோவர் வந்ததும், கம்யூனிஸ்டுகள் பிடித்துவிடுவார்கள் என்ற பேச்சு எடுபட்டது. ஏப்ரலில் சி.ஐ.ஏ. தெஹ்ரானுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. நோக்கம் ஒன்றுதான், மொசாதெக் விழ வேண்டும்.

களத்தில் வேலையை முடித்தவர் கெர்மிட் ரூஸ்வெல்ட், முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரன். வேறு பெயரில் ஈரானுக்குள் நுழைந்தார். டென்னிஸ் ஆடும்போது பந்தைத் தவறவிட்டு, தன்னை மறந்து ‘அட ரூஸ்வெல்ட்!’ என்று கத்திவிடுவாராம். கூட ஆடியவர்கள் விழித்தபோது, நான் குடியரசுக் கட்சிக்காரன், ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைத் திட்டுவது எங்களுக்குப் பழக்கம் என்று சமாளித்தாராம். அவரே எழுதிய கதை. ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றப் போன இடத்தில் டென்னிஸ்!

பத்திரிகைகளுக்கும் எம்.பி.க்களுக்கும் பணம் போனது. கம்யூனிஸ்ட் வேஷத்தில் கூலிக் கும்பல்களும் இறக்கப்பட்டன. ஆகஸ்ட் 15 இரவு முதல் முயற்சி தோற்றது. ஷா பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். கதை முடிந்தது என்று சி.ஐ.ஏ. தலைமையகமே நினைத்தது. ரூஸ்வெல்ட் கிளம்ப மறுத்தார். ஆகஸ்ட் 19 அன்று கும்பலும் டாங்கிகளும் சேர்ந்து மொசாதெக்கின் வீட்டை இடித்தன. அன்று தெஹ்ரானில் செத்தவர்கள் 300 பேர் அளவில். ஷா ரோமில் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.

மொசாதெக்குக்கு மூன்று வருடச் சிறை, அதன்பின் அகமதாபாத் கிராமத்தில் சாகும்வரை வீட்டுக்காவல். 1967-ல் இறந்தவரைப் பொது மயானத்தில் புதைக்கவும் விடவில்லை. வீட்டுச் சாப்பாட்டு அறையிலேயே குழி வெட்டினார்கள்.

● 1953-ல் மொசாதெக்கின் இடத்தில் பிரதமரான தளபதி ஜாஹெதியை, நாஜி அனுதாபி என்று 1942-ல் கைது செய்து நாடு கடத்தியது யார்? பிரிட்டிஷ் ராணுவம்.

● ஆட்சி கவிழ்ந்த மறு வருடம் எண்ணெய் பங்கு பிரிந்தது. பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதவீதம், மீதி டச்சு-பிரிட்டிஷ் ஷெல்லுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும். பழைய கம்பெனி பெயரையும் மாற்றிக்கொண்டது: பிரிட்டிஷ் பெட்ரோலியம். நாம் இன்று பி.பி. என்பது அதைத்தான்.

● நாட்டுடைமையில் பிறந்த ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் பெயரளவிலாவது பிழைத்தது. 1965-ல் சென்னை மணலியில் சுத்திகரிப்பு ஆலை தொடங்க இந்திய அரசோடு கைகோத்த இரண்டு கூட்டாளிகளில் ஒன்று அதுதான். இன்னொன்று அமெரிக்கக் கம்பெனி அமோகோ. மணலியில் மட்டும் சண்டையில்லை.

● 1964 அக்டோபரில் மஜ்லிஸ் ஒரு சட்டம் போட்டது. ஈரானில் இருக்கும் அமெரிக்க ராணுவத்தினரும் குடும்பத்தினரும் என்ன குற்றம் செய்தாலும் ஈரான் கோர்ட்டு விசாரிக்க முடியாது. சில நாளில் 20 கோடி டாலர் அமெரிக்கக் கடன் வந்தது. சட்டத்துக்குக் கூலி என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். கொமேனி என்ற மதகுரு கோம் நகரத்தில் எழுந்து பேசினார். ஓர் அமெரிக்கரின் நாய்மேல் காரை ஏற்றினால் ஷாவுக்கே விசாரணை உண்டு, அமெரிக்கச் சமையல்காரன் ஷாவின்மேல் ஏற்றினால் கேட்க நாதியில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். சட்ட நுணுக்கம் புரியாத பாமரனுக்கும் நாய்க் கதை புரிந்தது. நவம்பர் 4 அன்று கொமேனியை நாடு கடத்தினார்கள். தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

● 1971-ல் பெர்சிபோலிஸ் இடிபாடுகளில் ஷா நடத்திய 2,500-வது ஆண்டு மன்னராட்சி விழாவுக்குச் சமையல் பாரிஸ் மாக்சிம்ஸ். கூடாரமும் பாரிஸ். ஈரானியச் சரக்கு என்று தட்டில் இருந்தது கேவியர்.

● அமெரிக்காவைத் தவிர எஃப்-14 போர் விமானம் விற்கப்பட்ட ஒரே நாடு ஈரான்.

● மேற்கத்திய மோகம் ஒரு நோய் என்று 1962-ல் புத்தகம் எழுதி ஒரு தலைமுறையையே உலுக்கிய ஜலால் ஆலே அஹ்மத், கம்யூவையும் சார்த்தரையும் பிரெஞ்சிலிருந்து பாரசீகத்துக்குக் கொண்டுவந்தவர். அவர் கோபம் கம்யூ மேல் இல்லை, இறக்குமதியான இயந்திரத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கும் தன் சனங்கள் மேல்.

● எல்லா ரத்தத்தையும் மேற்கின் கணக்கில் எழுத முடியாது. 1978 ஆகஸ்ட் 19, அபாதான், ரெக்ஸ் தியேட்டர். படம் ஹாலிவுட் இல்லை. மசூத் கிமியாயியின் ‘மான்கள்’, ஈரானியப் படம், அதுவும் ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காத படம். வெளிக்கதவு பூட்டியிருக்க, தீ வைத்தார்கள். 400 பேர் அளவில் கருகினார்கள். அபாதானின் எண்ணெய்த் தொழிலாளர் குடும்பங்கள். தேதியைப் பாருங்கள், ஆட்சிக் கவிழ்ப்பின் 25-வது வருட நாள். ரகசிய போலீஸான சாவாக்கின் வேலைதான் என்று ஊரே நம்பியது, ஷாவின் வீழ்ச்சிக்கு அந்தத் தீ பெரிய காரணமாயிற்று. 1979 புரட்சிக்குப் பிறகு நடந்த விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் முக்கியமாக நின்றவர் ஷாவின் எதிர் முகாமைச் சேர்ந்தவர்.

● 1977 டிசம்பர் 31 இரவு தெஹ்ரான் விருந்தில், கொந்தளிக்கும் வட்டாரத்தில் ஈரான் ஒரு நிலையான தீவு என்று ஷாவை வாழ்த்தி மதுக்கிண்ணத்தைத் தூக்கினார் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர். ஷா நாட்டை விட்டுப் போனது 1979 ஜனவரி 16.

● 1979 நவம்பர் 4. அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர்கள் புகுந்தார்கள். கொமேனியை நாடு கடத்தியதன் 15-வது வருட நாள், சொன்னேனே, அந்தத் தேதி. இரண்டு வாரம் முன்பு புற்றுநோய் சிகிச்சைக்கு ஷாவை நியூயார்க்கில் அனுமதித்திருந்தார்கள். அமெரிக்கர்கள் கண்ணுக்கு அது ஒரு நோயாளிக்குக் காட்டிய கருணை. தெஹ்ரான் கண்ணுக்கு 1953-ன் இரண்டாம் பாகம்: ஷா வெளியே ஓடுவார், தூதரகத்துக்குள் சதி நடக்கும், திரும்பி வந்து சிம்மாசனத்தில் உட்காருவார். இம்முறை தூதரகத்தை முதலில் பிடித்துவிடுவோம் என்பதே மாணவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு புரிகிறது, அதற்காகச் செய்தது நியாயமாகிவிடாது. 52 பேரை 444 நாள் அடைத்து வைத்தார்கள். கண்ணைக் கட்டிக் கேமரா முன் நிறுத்தினார்கள், பொய்யாகச் சுடும் நாடகம் நடத்தி மிரட்டினார்கள். அவர்களில் குமாஸ்தா, காவலாளி, செய்தித் தொடர்பாளர் என்று பலரும் உண்டு. 1953-ல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்களும் உண்டு. லாபம் யாருக்கு? மிதவாதப் பிரதமர் பஜார்கான் இரண்டே நாளில் ராஜினாமா செய்தார். மதகுருமாரின் பிடி இறுகியது.

தூதரக ஊழியர்கள் அவசரமாக நறுக்கிப்போட்ட ரகசியக் காகிதங்களை என்ன செய்தார்கள் தெரியுமா? கம்பளம் நெய்கிறவர்களை உட்கார வைத்து, நூல் நூலாகப் பொறுக்கி ஒட்டினார்கள். ‘ஒற்றர் குகை ஆவணங்கள்’ என்று தொகுதி தொகுதியாக அச்சடித்துக் கடையில் விற்றார்கள்.

● பிணைக்கைதிகள் உள்ளே இருக்கையில், 1980 பிப்ரவரியில் ஒரு நிருபர் 1953 பற்றிக் கேட்டார். அதெல்லாம் பழைய வரலாறு என்று நகர்ந்துவிட்டார் கார்ட்டர். நடந்து 26 வருடம் ஆகியிருந்தது. 1989-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட அதிகாரபூர்வ ஈரான் ஆவணத் தொகுதியில் சி.ஐ.ஏ.யின் கைவரிசை பற்றி மூச்சே இல்லை. வரலாற்றாசிரியர்கள் கொதித்துப்போய், ஆவணத் தொகுப்பு நேர்மையாக இருக்க வேண்டும் என்று 1991-ல் தனிச் சட்டமே வந்தது. திருத்திய தொகுதி வந்த வருடம் 2017.

● தெஹ்ரானின் தெற்கிலிருந்து வடக்குவரை சுமார் 18 கிலோமீட்டர் நீளும் பெரிய சாலைக்கு பஹ்லவி சாலை என்று பெயர் இருந்தது. புரட்சி வந்ததும் மொசாதெக் சாலை ஆனது. கொஞ்ச நாளில் அதையும் எடுத்துவிட்டு வலி அஸ்ர் என்று இமாமின் பெயரை வைத்தார்கள். 1953-ஐ ஒவ்வொரு மேடையிலும் நினைவூட்டும் ஆட்சிக்கு, 1953-ன் நாயகர் மதச்சார்பற்றவர் என்பது தொந்தரவு. கடைசி மாதங்களில் அவரைக் கைவிட்டவர்களில் ஆயத்துல்லா காஷானி போன்ற மதகுருக்களும் உண்டு என்பது இன்னும் பெரிய தொந்தரவு.

● ஒரு சதி நிஜமாகவே நடந்துவிட்டால், எதைப் பார்த்தாலும் சதி என்று தோன்றும். ஈரானியர்களே இதை நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். ஈரஜ் பெஸெஷ்க்ஸாத் 1973-ல் வெளியிட்ட ‘நெப்போலியன் மாமா’ நாவலில், வீட்டில் பூனை குறுக்கே போனாலும் ஆங்கிலேயன் வேலை என்று நம்பும் ஒரு பெரியவர் வருவார். பக்கத்து வீட்டு இந்தியரையும் பிரிட்டிஷ் ஒற்றர் என்று சந்தேகப்படுவார். டி.வி. தொடராக வந்தபோது தெருவே காலியாகும் என்பார்கள்.

● 1986 மே மாதம், மேடையில் அமெரிக்காவுக்கு எதிரான ‘பெரிய சாத்தான்’ கோஷம் ஓடிக்கொண்டிருக்க, ரீகனின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஃபார்லேன் ரகசியமாகத் தெஹ்ரானில் வந்து இறங்கினார். விமானத்தில் ஏவுகணை உதிரிபாகங்கள், கூடவே ஒரு கேக்.

● 1988 ஜூலை 3. பந்தர் அப்பாஸிலிருந்து துபாய் கிளம்பிய ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று நினைத்து அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் பலி. 66 குழந்தைகள், 10 இந்தியர்கள் உட்பட. 1990-ல் அந்தக் கப்பலின் கேப்டனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள், அவருடைய பணிக்காலச் சேவைக்காக என்று. விமானத்துக்கும் பதக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை விளக்கினாலும் எந்த ஈரானியரும் கேட்கப் போவதில்லை. 1996-ல் குடும்பங்களுக்கு 6.18 கோடி டாலர் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

● 2001 செப்டம்பரில், நியூயார்க்கில் இறந்தவர்களுக்காகத் தெஹ்ரானில் இளைஞர்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். புஷ் ‘தீய அச்சு’ப் பட்டியலில் ஈரானைச் சேர்த்தது நாலு மாதம் கழித்து.

● பிணைக்கைதிகளை மீட்க 1981 ஜனவரியில் அல்ஜியர்ஸில் போட்ட ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து எது தெரியுமா? பணமோ ஷாவோ இல்லை. ஈரானின் உள்விவகாரத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தலையிட மாட்டோம் என்று அமெரிக்கா எழுதிக் கொடுத்தது.

அதே ஒப்பந்தம் இன்னொன்றும் செய்தது. பிணைக்கைதிகளாக இருந்தவர்கள் ஈரான்மீது வழக்குப் போட முடியாதபடி வழியை அடைத்தது. கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கினார்கள், அவர்கள் நாட்டு அரசே எதிர்த்து நின்றது. 2015 டிசம்பரில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது: அடைபட்டிருந்த ஒவ்வொரு நாளுக்கும் 10,000 டாலர். இதற்கான நிதிக்கு முக்கிய வரவு, ஈரான், சூடான், கியூபா மீதான தடைகளை மீறியதற்காக பிரெஞ்சு வங்கி பி.என்.பி. பாரிபா கட்டிய அபராதம். அதற்குள் அந்த 52 பேரில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்களுக்குத் தவணை தவணையாகத்தான் வந்தது.